இல்லாத இரண்டாவது டிஸ்க்

...அதை எங்கே போய்த் தேடுகிறது இந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர், எரிந்து சாம்பலாகிக் கடலிலும் கரைத்தாயிற்று, எட்டு மாதம் ஓடிவிட்டது, இன்னும் தினம் காலையில் கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளை வரியை எழுதிவிட்டு நிற்கிறது, இரண்டாவது டிஸ்கைத் தேடுகிறேன், தேடுகிறேன், தேடுகிறேன்... ஜெகதீஸ்வரி கோப்பிக் குவளையை மேசையில் வைத்தாள். நான்கு நிமிடம் அப்படியே நிற்கும். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நாள் எண்ணியிருக்கிறாள். கீழே கெலுகோர் வீடமைப்பின் கார் நிறுத்துமிடத்தில் யாரோ சனிக்கிழமைக் காரைக் கழுவும் சத்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அடிக்க வேண்டும், அதற்கொன்றும் அவசரமில்லை, அந்த வரியைத்தான் பார்க்க முடியவில்லை, நீதானே எடுத்தாய், எங்கே வைத்தாய் என்று நேருக்கு நேர் கேட்பதுபோல... மெஷினுக்கு என்னடி தெரியும்? தெரியாதுதான். தெரியாது என்று தெரிந்தும் தினம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறாளே, அதற்கு என்ன செய்ய? போதும் என்றுதான் இன்றைக்குக் கோகுலனைக் கூப்பிட்டாள். புருஷன் மோகனராஜோடு பிறை ஊர் ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவன், கம்ப்யூட்டர் கைவந்தவன், போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றான்.

“அண்ணி, ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஆன் பண்ணுங்க. பண்ண உடனே டிலீட்டை விடாமத் தட்டுங்க.” தட்டினாள். நீலத் திரை வந்தது, வரிவரியாக ஏதேதோ. எதையாவது அழுத்தி எல்லாம் போய்விட்டால்? போனால் போகட்டும், போகவேண்டியது அன்றைக்கே போய்விட்டதே. மோகனராஜ் இருபத்திரண்டு வருஷம் ஃபேக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர், வீட்டில் வாய் திறக்காத மனுஷன். கடைசி ஒரு வருஷம் வேலைவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, இந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் தணிந்த குரலில் பேச்சு. சில நாள் சிரிப்பு. அவளோடு சேர்ந்து எப்போது அப்படிச் சிரித்தார்? கேட்டால், “சும்மாதான்லா.” சும்மா யாராவது சிரிப்பார்களா? யாரோ ஒருத்தி இருக்கிறாள், இருக்கத்தான் வேண்டும்... அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஹாலில் சவப்பெட்டி. சடங்கு செய்ய வந்த பண்டாரம், “அவருக்குப் பிடிச்சது ஏதாச்சும் இருந்தா உள்ள வைங்கம்மா” என்றார். நாத்தனார் அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்தாள், மகள் மீனாட்சி தானே எழுதிய கடிதம் ஒன்றை வைத்தாள். ஜெகதீஸ்வரி எழுந்து இந்த அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். ஸ்க்ரூ டிரைவர் கிடைக்காமல் சமையலறைக் கத்தியால் கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைத் திறந்தாள். இரண்டு டிஸ்க். ஒன்றைச் சுற்றிச் சிவப்பு டேப், மூன்று சுற்று, அழுத்தி ஒட்டியிருந்தது. ஆகா, அந்தப் பேச்செல்லாம் இதில்தான். எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் பார்! அதைக் கழற்றி அவருடைய நீலச் சட்டைக்குள் வைத்துச் சுருட்டிப் பெட்டியில் கால்மாட்டில் செருகினாள். மீனாட்சி கண்ணில் பட்டுவிடக்கூடாது, செத்த மனுஷன் மானம் போகக்கூடாது, அதற்காகத்தான்... அதற்காகத்தானே? பத்து லஞ்சாங் ஊர்ச் சுடுகாட்டில் எல்லாம் ஒன்றாகப் போனது.

“அண்ணி, இருக்கீங்களா? ரெண்டாவது டிஸ்க்குன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. ஆட்டோன்னு இருக்கா, கையால டைப் பண்ணி வச்ச மாதிரி இருக்கா?” கையால்தான் இருந்தது. கோகுலன் சிரித்தான். “அதான் விஷயம். அங்க ஒரு டிஸ்க் இருக்குன்னு அண்ணே சொல்லி வச்சிட்டாரு, அது நம்பித் தேடிக்கிட்டே இருக்கு. டிஸ்ஏபிள் போட்டு சேவ் பண்ணிருங்க.” அவ்வளவுதானா? அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பியா இத்தனை நாள்... விரல் கொஞ்சம் நின்றது, பிறகு அழுத்தினாள். கோகுலன் பேசிக்கொண்டே போனான். “ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அது ரோசாக், செத்துப்போன டிஸ்க், கழட்டிப் போடுங்கண்ணேன்னு. கேட்டாத்தானே! ஃபேக்டரியில கெட்டுப்போன மெஷினுக்கு, யாரும் தொடாம இருக்க, சிவப்பு டேப் சுத்துவோம்ல, அதே மாதிரி சுத்தி வச்சிட்டு அப்படியே விட்டுட்டாரு.” ஜெகதீஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கெட்டுப்போனதற்கா சிவப்பு டேப்? “அப்போ... அவரு தினம் உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாரே, அதெல்லாம்?” “அது மத்த டிஸ்க் அண்ணி, இப்ப ஓடுதே அது. கவலைப்படாதீங்க, ஒண்ணும் போகல, எல்லாம் அப்படியே இருக்கும்.” பாவம், ஆறுதலாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

கறுப்புத் திரை கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. அந்த வரி வரவேயில்லை. யார் கணக்கில் நுழைவது என்று திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன, மோகனராஜ், மீனாட்சி. எட்டு மாதமும் மகள் பெயரைத்தான் அழுத்தினாள், அவருடையது காலி வீடு, உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று எண்ணி. உள்ளே எல்லாம் இருந்திருக்கிறது. சாம்பலாகிவிட்டது என்று அவள் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும் இங்கே, இந்த மேசைக்கு அடியில்... யாரோ ஒருத்தியா? இல்லை பழைய கூட்டாளி எவனோடாவது வெட்டிப் பேச்சா? ஒரு கிளிக் போதும். அன்றைக்குச் சுடுகாட்டில் இரும்புக் கதவு மூடியபோது அவள் அழுத அழுகையை ஊரே பேசியது, இப்படியா உயிராய் இருந்தாள் புருஷன்மேல் என்று. போச்சு, எரிஞ்சு போச்சு, இனி யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது... அழுதபோது வாய்க்குள் ஓடியது அது ஒன்றுதான். அப்படியானால் அவருக்கென்று எப்போது அழுதாள்? நடுவில், அப்புறம், முப்பதாம் நாள் படையலில், எப்போதாவது? மவுஸின் அம்புக்குறி அவர் பெயரின்மேல் வந்து நின்றது. “இப்ப வேகமா வந்துச்சா அண்ணி?” என்றான் கோகுலன். “வந்துருச்சு தம்பி” என்றாள். செத்துப்போன ஒரு டிஸ்குக்காக அழுதிருக்கிறாள், அந்த மனுஷனுக்காக இன்னும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.