கஸ்ஸார் ஏற்றத்துப் பச்சைக் கோடு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் ருதைனா நான்கு முறை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு முறை தேநீருக்கு, ஒரு முறை சன்னலைச் சாத்த, மற்ற இரண்டு முறையும் எதற்கென்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்தால் கண் மறுபடி திரையில் இருந்த அந்தப் பச்சைக் கோட்டுக்கே போனது.

கரக் நகரத்து நீர் நிறுவனத்தில் திட்டப் பிரிவு என்றால் அவளும் அவளுடைய கணினியும்தான். அடுத்த ஐந்து வருடங்களில் எந்தெந்தக் குழாயை மாற்றுவது என்ற பட்டியல் வியாழக்கிழமை தலைநகர் அம்மானுக்குப் போயாக வேண்டும். போன வருடம் வாங்கிய மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்திருந்தது: வரைபடம், மக்களின் புகார், பழுதுபார்த்த வேலை, கிடங்குச் சாமான், செலவு. எது எத்தனை தடவை உடைந்தது, எத்தனை வீடு தவித்தது என்று பார்த்து அதுவே வரிசை போட்டுவிடும். மோசமான குழாய் சிவப்பு. நல்ல குழாய் பச்சை. முதல் ஒன்பது இடங்களுக்குத்தான் இந்த முறை நிதி.

கஸ்ஸார் ஏற்றம் என்ற மேட்டுத் தெருவின் குழாய் ஐம்பத்தெட்டாவது இடத்தில் பச்சையாக இருந்தது. ஐந்து வருடத்தில் பதிவானது இரண்டே பழுது. முந்தின நாள் ஒரு துக்க வீட்டுக்காக அந்த ஏற்றத்துக்குப் போனவள், படிக்கட்டு நெடுக வழிந்த தண்ணீரில் செருப்பு நனைந்துதான் திரும்பியிருந்தாள்.

இயக்குநர் சுஹைரின் அறைக்குப் போனாள்.

"அந்தக் கோடு பொய் சொல்லுது சார்."

"நீயே கையால சிவப்பாக்கப் போறியா?" சுஹைர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி பட்டியல் எப்படிப் போட்டோம்னு தெரியுமில்ல? யாரு கடைசியா போன் பண்ணாங்களோ அவங்க தெருதான் முதல்ல. என் சொந்தக்காரங்களே என் தலைல ஏறி உக்காந்தாங்க. இப்பதான் 'நான் போடல, மெஷின் போட்டுச்சு'ன்னு நிம்மதியா மூச்சு விடறேன். ஒரு வரிய நீ மாத்தினா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க."

"வரிசைய மாத்தல சார். அதுக்குத் தெரியாதத சொல்லணும்கிறேன்."

"அப்ப ஆதாரத்தோட சொல்லு. தேதி, இடம், போட்டோ. வியாழன் மத்தியானத்துக்குள்ள."

அந்தப் பகுதிக்கு மேஸ்திரி அபூ கஸ்வான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பட்டறையில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொட்டியும் ஃபலாஃபில் வடையும் தின்றுகொண்டிருந்தார். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய கைபேசி இரண்டு தடவை அடித்தது.

"வரேன், வரேன். வாளிய கீழ வை, மெயின் வால்வ மூடு," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்.

"யாரு அது?"

"கஸ்ஸார் ஏத்தம்."

"புகார் நம்பருக்குக் கூப்பிடாம உங்களையா கூப்பிடறாங்க?"

"அந்த நம்பர்ல பாட்டுதான் பாடுது மகளே. நான் எடுத்துருவேன்."

ருதைனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அடைச்ச ஓட்டையெல்லாம் டேப்லெட்ல ஏத்தினீங்களா?"

"முப்பத்திரண்டு கேள்வி கேக்குது அந்தச் சனியன். கை முழுக்கச் சேறு. அதுக்குப் பதில் சொல்றதா, தண்ணிய நிறுத்தறதா?"

"நீங்க ஓடி ஓடி அடைச்சதுனாலதான் அந்தக் குழாய் நல்லாயிருக்குன்னு அது நினைக்குது அபூ கஸ்வான்! ஐம்பத்தெட்டாவது இடம்!"

ரொட்டி அவர் கையிலேயே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதிட்டா, ஓட்டைய இறுக்கின கிளாம்ப் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. வேற வேலை பேரச் சொல்லித்தான் கிடங்குலேர்ந்து எடுத்தேன். என் வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போகல. ஆனா காகிதத்துல அது திருட்டுதான்" என்றார்.

அவளால் வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்தாமல் இருக்கவும் முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவியவள் கழுவியதையே திரும்பக் கழுவினாள். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்ட கணவன் யனாலிடம் ஒன்றுமில்லை என்றாள்.

புதன்கிழமை காலை அவள் கைப்பையை வைப்பதற்கு முன்பே அபூ கஸ்வான் வாசலில் நின்றார். முகம் சவரம் செய்து, வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சட்டை போட்டிருந்தார்.

"வண்டில ஏறு. என் மனசு மாறறதுக்குள்ள."

ஏற்றத்தில் குழாய் மண்ணுக்குள் பாதியும் சுவரோரம் பாதியுமாகப் போனது. வெளியே தெரிந்த இடமெல்லாம் கிளாம்ப். சில இடத்தில் கிளாம்புக்கு மேலேயே கிளாம்ப், நடுவில் சைக்கிள் டியூப் ரப்பர். அபூ கஸ்வான் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"இது போன ரமலான் ஏழாம் நாள், நோன்பு திறக்கப் பத்து நிமிஷம் இருந்துச்சு. இது என் மகள் நிச்சயத்தன்னைக்கு, கோட்டு சூட்டோட வந்தேன். இது பனி விழுந்த அன்னைக்கு. இது... இரு, இது ரெண்டு தடவை."

மண்ணுக்குள் இருந்தவற்றை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் படமெடுத்தாள். மேல்மாடிச் சன்னலிலிருந்து அந்த வீட்டுக்காரி உம் தாமிர் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அபூ கஸ்வான், போட்டோ எடுத்தா ஓட்டை அடைஞ்சிருமா?"

"உன்னையும் சேத்து எடுக்கறோம் உம் தாமிர், தலைமுடிய வாரிக்க!"

"தண்ணி வந்தா குளிச்சிட்டே வாருவேன்! ரெண்டு வாரமா லாரித் தண்ணி!"

மொத்தம் நாற்பத்தேழு. இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து டேப்லெட்டில் பதிவேற்ற ஆரம்பித்தார்கள். தேதி சரியாக நினைவில்லாததற்கு அவர் தன் கைபேசியில் அழைப்புகளையும் செய்திகளையும் தேடினார். முப்பத்திரண்டு கேள்வி, நாற்பத்தேழு தடவை. பழைய தேதி என்பதால் ஒவ்வொன்றும் இயக்குநரின் ஒப்புதல் கேட்டு நின்றது.

வியாழன் காலை சுஹைர் இருவரையும் கூப்பிட்டார். திரையில் நாற்பத்தேழு கோரிக்கைகள் வரிசையாக இருந்தன.

"இத்தனை கிளாம்பும் யார் கணக்குல போச்சு?"

ருதைனா வாயைத் திறப்பதற்குள் அபூ கஸ்வான் சொன்னார்: "என் கணக்குல. இந்தப் பொண்ணுக்கு முந்தாநாள் வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

சுஹைர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக ஒப்புதல் கொடுத்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. முடித்ததும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை அடித்து, கையெழுத்திட்டு, அபூ கஸ்வானிடம் நீட்டினார்.

"இதக் கொடுக்காம விட்டா அடுத்தவன் நிஜமாவே வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான். தப்பா நினைக்காதீங்க."

அபூ கஸ்வான் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ருதைனா வரிசையை மறுபடி ஓட்டினாள். கஸ்ஸார் ஏற்றம் இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஒன்பதாவதாக இருந்தது பத்துக்கு இறங்கி, நிதிக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அது அவளுடைய மாமியார் வீட்டுத் தெரு. வரிசையை மேலிருந்து கீழாக இன்னொரு முறை படித்தாள். பிறகு பட்டியலை அனுப்பினாள்.

அன்று மாலை யனாலுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டிருந்தது. "ஊருக்கெல்லாம் தண்ணி, எங்கம்மாவுக்கு மட்டும் லாரியா? உன் கையாலயே பண்ணினியா?" என்றான். பாதி கேலி, பாதி நிஜம். இரண்டு வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டு மன்ஸஃப் கறிச்சோற்று விருந்தில் அவள் தட்டுக்குக் கறி குறைவாகவே விழுந்தது.

அபூ கஸ்வானும் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பட்டறையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொள்வார். நிதி உறுதியான கடிதம் வந்த நாளில் அவளே போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். டேப்லெட்டைத் துணியால் துடைத்தபடி கேட்டார்:

"வரைபடத்துல தெற்கு வாதி, அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் என்ன கலரு?"

"முழுக்கப் பச்சை."

"அது அப்துல்லத்தீஃப் பாக்கற ஏரியா. அவனும் என்ன மாதிரி மடையன்தான், போன் அடிச்சா ஓடிப் போய் அடைச்சிருவான்." அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "செருப்பு மாத்திக்க. அங்க சேறு ஜாஸ்தி."