வெளுத்த காது

அம்சவேணி தம்பிக்காகத் தன் வாக்கையே பணயம் வைத்தவள். தம்பி அப்பாவு குடியே கதி என்று கிடந்த காலத்தில் அவன் பொண்டாட்டி ஷோபா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்யவேட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவனை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனிமேல் குடிப்பதில்லை என்று மணிக்கட்டில் கயிறு கட்டவைத்து, “இனி ஒரு சொட்டுத் தொட்டான்னா என்னக் கேளு” என்று ஷோபாவின் வாசலில் நின்று வாக்குக் கொடுத்துக் கூட்டி வந்தது இந்த அக்காக்காரிதான். அவனையும் சும்மா சொல்லக்கூடாது, அடுத்த பொங்கலும் வந்துபோனது, அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நகரியில் தறி ஓட்டினான், கூலியை ஷோபா கையில் கொடுத்தான்.

அந்தச் சித்திரையில் அம்சவேணியின் புருஷன் முனிகிருஷ்ணன் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மகள் தரணியையும் கூட்டிக்கொண்டு கோடை முழுக்க அவளுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரிதான் வீடு. தரணி வளர்த்த முயலை மாமன் அப்பாவுவிடம் விட்டுப் போனார்கள். உடம்பெல்லாம் வெள்ளை; காது, மூக்கு, கால் மட்டும் கரியில் தோய்த்த மாதிரி கருப்பு. அதை அவன் தறிக்கொட்டகையில் வைத்துக்கொண்டான். சிமென்ட் ஷீட்டுக் கூரை, நகரி வெயில், கேட்கவா வேண்டும்! மனுஷனே வெந்துபோவான். கூண்டின்மேல் போட்ட கோணிக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த வாயில்லா ஜீவனைக் காப்பாற்றினான்.

ஆடி பிறந்து அவர்கள் திரும்பி வந்ததும், அப்பாவு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு முயலைத் தூக்கி வந்தான். தரணி ஒரு பார்வை பார்த்தாள். இது என்னுது இல்லை என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். காது அழுக்கு வெள்ளையாய் இருந்தது. மூக்கு பால் கூடிப்போன டீ நிறம். உடம்பு ஒன்றரை மடங்கு, கழுத்துக்கடியில் பை மாதிரி சதை வேறு.

“அதேதாங்கா. வெயில்ல வெளுத்துப்போச்சி,” என்றான் அப்பாவு.

அம்சவேணி நம்பவில்லை. வெளுத்துப்போக அது என்ன சாயம்போகிற சேலையா? பழைய புத்தி எங்கே போகும், மறுபடி குடித்து, சைடு டிஷ்ஷாக வறுத்துத் தின்றுவிட்டு எதையோ பிடித்துவந்து நீட்டுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். அதை வீட்டுக்குள் வைத்தாவது கேட்டாளா? தெருவுக்கு இழுத்தாள், ஷோபா காதுபடவே கத்தினாள். அம்மன் எதிரே கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன், வா அக்கா என்று அவன் கெஞ்சினான்.

“கயித்தக் கட்டிக்கினே குடிச்சவனுக்குக் கற்பூரம் ஒரு கேடா?” என்றாள்.

வாக்குக் கொடுத்தவளே குடித்தான் என்று சொன்ன பிறகு ஷோபா யாரைப் போய்க் கேட்பாள்? மறுநாள் பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள். அப்பாவு தறியில் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு நேரே ஒயின்ஷாப்புக்குப் போனான்.

அப்புறம் ஊர் சும்மா விடுமா? முயல்கறி ருசியாடா என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். முதலில் சண்டைக்குப் போனவன், பிறகு ருசிதான் என்று சொல்ல ஆரம்பித்தான். சொன்னால் யாராவது ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். தறி வேலையும் போயிற்று.

அந்த முயலைத் தரணி தொடவே இல்லை. பின்கட்டில் கிடந்தது, அம்சவேணி வேண்டாவெறுப்பாகக் கோஸ் இலையை வீசுவாள். கார்த்திகையில் அதற்கு மயிர் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. நோய் வீட்டுக்குள் வந்துவிடப்போகிறதே என்று பயந்து, மார்கழி பிறந்ததும் கூடையில் போட்டுப் புத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா தெலுங்கில் பொறுமையாகச் சொன்னாள். நோயெல்லாம் ஒன்றுமில்லை, பழைய மயிர் போய்ப் புதுசு வருகிறது. இந்த ஜாதிக்குச் சூட்டில் முளைக்கிற மயிர் வெளுக்கும், குளிரில் முளைப்பது கருக்கும், இதோ காதைப் பாருங்கள் என்றாள். பெட்டை வளர்ந்தால் கழுத்தில் சதை தொங்குவதும் சகஜம்தானாம். அம்சவேணி அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். காது இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று முயலைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஒயின்ஷாப்புக்குப் போனாள். பக்கத்துச் சுவரோரம் சுருண்டு கிடந்தான் அப்பாவு. மண்ணில் உட்கார்ந்து முயலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“பாருடா, அதேதாண்டா. கருப்பு திரும்பி வந்துடுச்சி. நீ சொன்னதுதாண்டா நெஜம்.”

அவன் அந்தக் காதைத் தடவித் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“வேற வாங்கியாந்துட்டியா? நல்லதாப் போச்சிக்கா. அதை நான்தான் துன்னுட்டேன். மிளகு போட்டு வறுத்துத் துன்னேன்.”

இல்லடா, நீ துன்னலடா என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் கேட்கவே இல்லை. எங்கே வைத்து அறுத்தது, தோலை எங்கே புதைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பாவு அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

“துன்னவன் நானு. நீ இன்னாத்துக்கு அழுவுற, அக்கா?”