வேலை செய்யுது

எங்கள் ஆய்வகத்தில் "வேலை செய்யுது" என்று யாராவது கத்தினால் ஒரே அர்த்தம்தான்: கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில் வேலை செய்கிறது. எலி, மனிதன் எல்லாம் அப்புறம். இதை எங்களுக்குள் யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

ரத்தப் புற்றணு பெருக ஒரு நொதி வேண்டும். பூட்டுத் துவாரத்தில் தீக்குச்சியை ஒடித்துச் செருகுவது மாதிரி, அந்த நொதியின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அக்கா புருஷனுக்கே அந்த நோய் வந்தபிறகு அது வெறியாகிவிட்டது. ஒன்று கரையாது, ஒன்று நழுவும். கடைசியில் ஒன்று கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தலைகால் புரியாமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வேலை செய்யுதுக்கா!"

அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போனால், ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய அத்தான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் முடி முளைத்திருந்தது.

"கீமோவுக்குப் போகலையா?"

"வேணாம்னுட்டோம்" என்றாள் அக்கா. "அந்த விஷத்த ஏத்தி ஏத்தி மனுஷன் பாதியாயிட்டாரு. அதான் உன் மருந்து இருக்கே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, உனக்குப் பைத்தியமா? அது மருந்தே இல்லக்கா! எலிக்குக் குடுத்தோம், ஈரல் கெட்டுச் செத்துப்போச்சு."

"வேலை செய்யுதுன்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

"தட்டுல செஞ்சுதுக்கா!"

"தட்டாவது கிண்ணமாவது! பெரிய ஆளுங்களுக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்க. கூடப் பொறந்தவளுக்குக் குடுக்க மனசு வரல."

கத்தினேன். அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அத்தான்தான் எழுந்து சட்டையை மாட்டினார். "சண்ட போடாதீங்க. நான் போறேன், வாங்க."

டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்தார். "நடுவுல விட்டிருக்கக் கூடாது" என்றார். மறுபடி கீமோ ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை. தவளை தன் வாயால் கெடுமாம். என் வாயால் நானா கெட்டேன்? போனது அந்த நல்ல மனுஷன்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா என்னைக் கைநீட்டிக் காட்டினாள்.

"கையில மருந்த வெச்சுக்கிட்டே அவர சாகவிட்டா இவ."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு எலி செத்த கதையையா சொல்ல முடியும்?