திரும்பி வராத ட்ரிக்கர்

சப்-இன்ஸ்பெக்டர் சௌந்தர்யா சுடும் பயிற்சியில் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உடம்பு கொண்ட புதுரகப் பிஸ்டல். நாலைந்து குண்டு போனதுமே, அழுத்திய ட்ரிக்கர் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டது.

"பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான். வெடுக்குன்னு இழுத்து ஒடச்சுப்போட்டீங்க அம்மணி," என்றார் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் செங்கோடன்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன வாரம் மோகனூர் ஆற்றங்கரையில் மணல் லாரியை மடக்கியபோது, அரிவாளோடு வந்தவன் முன்னால் இதே பிஸ்டலைத்தான் நீட்டினாள். அவன் பயந்து ஓடினான். ஓடாமல் பாய்ந்திருந்தால்?

"ஏனுங்க, ட்ரிக்கரை இழுக்காம தடவியா குடுப்பாங்க? பெட்டியில இருக்கற வேற ஒண்ண நீங்களே சுட்டுப் பாருங்க!"

செங்கோடன் சிரித்தபடி ஒன்றை எடுத்துச் சுட்டார். இரண்டாவது மேகசின் குண்டுகள் தீருமுன் அதுவும் சிக்கியது. சுற்றி நின்ற காவலர்கள் தங்கள் இடுப்புத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்பிரிங் சரியில்ல போல," என்று முனகினார் செங்கோடன்.

"அதை எஸ்.பி. ஐயாகிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே போலாம், வாங்க."

சாயங்காலத்துக்குள் அந்த ரகப் பிஸ்டல்களெல்லாம் திரும்பப் பெறப்பட்டு, பழைய ரிவால்வர்கள் வந்தன. பழி போட்ட வாயிலிருந்து மட்டும் மன்னிப்பாக ஒரு வார்த்தை வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை சௌந்தர்யாவின் கோபம் ஆறவே இல்லை.