கிரீஸ் பட்டை கட்டிய பிளம்ஸ் மரம்

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு, தன் கையால் நட்ட உயிர் என்று சொல்லிக்கொள்ளக் கொல்லையில் நின்ற பிளம்ஸ் மரம் ஒன்றுதான் இருந்தது. அதற்குத்தானா வரவேண்டும் கேடு! இலையடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியதில் தளிரெல்லாம் சுருண்டுபோனது. அது கழிக்கும் பிசுபிசுப்பு சொட்டியதோ, தையல்காரியான அவர் மனைவி நனைத்துக் காயப்போட்டிருந்த லைனிங் துணிமேல்.

"மூணாவது துணி பாழாப் போச்சு. ஞாயித்துக்கிழமை என் தம்பி ரம்பத்தோட வர்றான்" என்றாள்.

"அதுவரைக்குமாவது டயம் குடு தாயே, உன் காலப் பிடிக்கிறேன்!"

"என் கால எதுக்கு? போய் உங்க மரத்துக் காலப் பிடிங்க."

பிடித்தார். நாற்றுக் கடைக்காரர் விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார்: "அசுவினி கழிக்கிற இனிப்புக்காக எறும்புதான் அதுக்குக் காவல். அசுவினியத் திங்க வர்ற பொறிவண்ட அது விரட்டிடும். மொதல்ல எறும்ப நிறுத்துங்க." அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசினார். கிரீஸ் அவருக்குப் பழகிய சாமான். காலையில் இலைகளின் அடிப்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்தார். மறுநாள் பார்த்தால், அடிமரத்தில் ஓர் எறும்பு இல்லை. உச்சியில் கூட்டம் கூட்டமாய்!

"எறும்பூரக் கல்லும் தேயும்பாங்க. இங்க நான்தான் தேயறேன்" என்று நொந்துபோய் நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. குளியலறை ஜன்னல் கம்பியிலிருந்து மரக்கிளைக்குப் போன துணிக்கொடி. அதன்மேல் எறும்புகள் சாரைசாரையாக, டிக்கெட் எடுக்காமல் போய்க்கொண்டிருந்தன.

கொடி கட்டியவள் அவள். மென்று விழுங்கிச் சொன்னார். அவள் கொடியையே பார்த்தாள்; உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கொடியைக் காணோம். துணியெல்லாம் வீட்டு நாற்காலிகளில் காய்ந்தது. மனம் இரங்கிவிட்டாளா, வெட்டுவதற்கு முன்னால் கொடியைக் கழற்றினாளா? கேட்க அவருக்குத் தைரியமில்லை.

ஞாயிறு காலை மச்சான் ரம்பத்தோடு வந்தான். டிரைவர் மரத்தை மறைத்தாற்போல் போய் நின்றுகொண்டார். அவரை விலக்கிவிட்டு அவள் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். எறும்பு இல்லை. சுருண்ட இலைக்குள் சிவப்பாய் மூன்று பொறிவண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நுனியில் ஒரு புதுத்தளிர் சுருளாமல் விரிந்திருந்தது.

"ரம்பத்த உள்ள வைடா. கடப்பாறைய எடு. கொடி கட்ட ரெண்டு கம்பம் நடணும்."

"மரத்த வெட்டணும்னுதானேக்கா கூப்பிட்ட?"

"கம்பத்தத் தள்ளி நடு" என்றாள் அவள். "எங்க மரத்துல உரசக் கூடாது."