மாதாவுக்கு முதல் தட்டு

இத்தாலியர்களோடு சமைப்பது லேசு. அவர்களுடைய தாய்மாரோடு சமைப்பதுதான் கரைச்சல். எதை அடுப்பில் வைத்தாலும் செத்துப்போன ஒரு தாய் வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள். எங்கள் அம்மா இப்படிச் செய்யமாட்டா, எங்கள் அம்மா அதைப் போடமாட்டா என்று ஒரே புராணம்.

என் முதலாளி அஞ்சலீனா பார்மா பக்கத்து மலைக்காரி. லண்டன் கிளார்க்கன்வெலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். நான் நோர்பரியிலிருந்து ரயிலேறிப் போய் அங்கே கோப்பை கழுவினேன். எண்பத்தொன்பதாம் ஆண்டு கோடையில் அவளுடைய சமையற்காரன் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டான். குசினி அடுப்பு ஆளில்லாமல் நின்றது. அந்த அடுப்பு எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் நித்திரையிலும் வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி என் கை என் கை மாதிரியே இல்லை, அவ்வளவு வெறுப்பு.

அஞ்சலீனா ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை எங்கள் தமிழில் போடுகிறேன்: "சிவகௌரி, ஞாயிற்றுக்கிழமை மாதா திருநாள். தெருவிலை கடை போடுறம், நீ பொரி. எங்கடை சனம் வாங்கிச் சாப்பிட்டால் அடுப்பு உனக்கு. இல்லாட்டி திரும்பக் கோப்பைதான்."

வருஷாவருஷம் ஜூலையில் இத்தாலியர்கள் மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கி ஊர்வலம் வருவார்கள். தெருவில் அந்தந்தப் பகுதிக்காரர் அவரவர் சாப்பாட்டோடு கடை விரிப்பார்கள். வடக்கத்தியான் சோளமாக் களி கிண்டுவான். தெற்கத்தியான் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். நான் பொரிக்க வேண்டியது தோர்த்தா ஃப்ரித்தா. மாவைத் தட்டி, சரிவாக வெட்டி, கொதிக்கிற பன்றிக் கொழுப்பில் போட்டால் பூரி போல உப்பி வரும். மேலே பன்றித் தொடை இறைச்சியை மெல்லிசாகச் சீவிப் போட்டுக் கொடுப்பார்கள். எதிர்க்கடையில், பார்மாவுக்கு அடுத்த பியாச்சென்சா மலைக்காரி கத்தரின் அதே மாவை அதே கொழுப்பில் பொரித்துவிட்டு வேறு பெயர் சொல்லுவாள். அந்தப் பெயர்ச் சண்டைக்கே இருபது வயதிருக்கும்.

எனக்கு ஒத்தாசைக்கு நின்றவன் கஸ்பர். எங்கள் கடையில் மேசைகளுக்குப் பரிமாறுகிறவன், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கன், இத்தாலிய மொழியைப் பிடித்து வைத்திருந்தான். காலையில் அவனோடு போய் மாதாவைப் பார்த்தேன். பூமாலை, தங்கச் சங்கிலி, தூக்குவதற்குத் தண்டு. போதாக்குறைக்கு ஆடி மாதம் வேறு. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, இது மாதா. அம்மன் இல்லை," என்றான் கஸ்பர்.

"மடு மாதாவிட்டை நேர்த்தி வைக்கேக்கை நாங்கள் என்ன பேர் கேட்டுக்கொண்டே வைச்சனாங்கள்? பேசாமல் வா."

முதல் ஈடு பொரிந்து அருமையாக உப்பி வந்தது. தட்டில் எடுத்துத் தனியாக ஓரத்தில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாக வைத்தது. அஞ்சலீனா வந்தாள், தட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள். பளார் என்று அவள் கையில் அடித்தேன்.

"படைக்க முதல் வாயிலை வைக்கிறதோ? விசரே உனக்கு?"

தமிழில்தான் கத்தினேன். ஆனால் அடிக்கு மொழி வேண்டாமே. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றான் கஸ்பர் மெல்ல, "உங்கடை அடுப்பு போச்சு."

மன்னிப்புக் கேட்க அஞ்சலீனா பக்கம் திரும்பினேன். அதற்குள் எதிர்க்கடைக் கத்தரின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். எண்பது வயது, தனக்குத் தெரியாது என்று வாழ்நாளில் சொல்லியிருக்கமாட்டாள். ஏன் விற்கவில்லை என்று கேட்டாள். கஸ்பர் கண்ணிமைக்காமல் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னான். பிறகுதான் எனக்குச் சொன்னான், அந்தப் படுபாவி என்ன சொன்னான் என்று: "முதல் தட்டு மாதாவுக்கு. உங்கடை மலைப்பக்கத்துப் பழைய வழக்கமாமே, உங்களுக்குத் தெரியாதோ?"

கத்தரின் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கே சொல்லித் தாறாய்? என்ரை தாய் இப்பிடித்தான் செய்தவ!"

என்னை அனுப்பிவிட வாய் திறந்த அஞ்சலீனாவுக்கு அதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. "உன்ரை தாயோ? இது பார்மா வழக்கம். நான்தான் என்ரை ஆளுக்குப் பழக்கி வைச்சிருக்கிறன்!"

அவ்வளவுதான். கத்தரின் தன் கடையையும் நிறுத்தினாள். மற்றக் கடைக்காரரும் வெட்கத்துக்குக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். தெரு முழுக்கப் பொரித்த வாசம், ஒருவர் வாயிலும் ஒன்றுமில்லை. பிள்ளைகள் சிணுங்கின. ஊர்வலமோ ஆமை வேகம். தாயே, கெதியாய் வா, என் பிழைப்பு உன் காலடியில் என்று உள்ளுக்குள் அழுதேன்.

சுரூபம் வந்தது. நான் தட்டை இரண்டு கையாலும் தூக்கி மூன்று தரம் சுற்றினேன். இளம் குருவானவர் ஒன்றும் விளங்காமல் முழித்தார். ஒரு பக்கம் கத்தரின் முறைக்க, மறுபக்கம் அஞ்சலீனா முறைக்க, மனுஷன் பயத்தில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். சனம் கைதட்டியது. பிறகு எங்கள் கடையில் விழுந்தது. அந்தப் பசிக்குக் கல்லைப் பொரித்துக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பார்கள்.

"உப்புக் காணாது," என்றாள் அஞ்சலீனா, காலித் தட்டுகளைப் பார்த்தபடி. படைக்க முதல் நான் எப்படி உப்புப் பார்ப்பது? "ஆனால் அடுப்பு உனக்கு."

அடுத்த ஜூலையில் எந்தக் கடையைப் பார்த்தாலும் வெள்ளைத் துணி மூடிய ஒரு தட்டு. கத்தரின் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"போன வருஷம் நீ பிழையாய்ச் சுத்தினாய். இப்பிடி, ஆறுதலாய்ச் சுத்த வேணும். இது எங்கடை பழைய வழக்கம், வெளியாக்களுக்கு விளங்காது." பிறகு கொஞ்சம் இரங்கிக் கேட்டாள்: "உங்கடை நாட்டிலை சாமிக்கு இப்பிடி ஏதும் குடுப்பினமோ?"

எனக்கு உச்சந்தலை வரை கொதி ஏறியது. ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு மலைக்காரிகளின் மானமும் தெருவில் கிடக்கும். அஞ்சலீனா மூச்சுவிடாமல் என்னையே பார்த்தாள். என் பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இல்லையம்மா," என்றேன். "எங்களுக்கு எங்காலை இதெல்லாம்?"

"பாவம்," என்று கத்தரின் என் கன்னத்தைத் தட்டினாள். "பாத்துப் பழகு."