கொம்பு முளைத்த ஐஸ்

என் மனைவிக்குத் தாகம் எடுத்தால் எனக்குக் கோபம் வரும். அவள் மீதில்லை, தண்ணீர் மீது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்து அதை எடுக்கும்வரை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க வேண்டும். உலகமே சொம்பு சொம்பாகக் குடிக்கிறதை, அவளுக்கு மட்டும் நான் மருந்து மாதிரி ஊற்றிக் கொடுத்தேன்.

தண்ணீராகக் கொடுத்தால் ஒரே மடக்கில் தீர்ந்துவிடும். ஐஸ் கட்டியாக வாயில் ஒதுக்கிக்கொண்டால் வெகுநேரம் தாங்கும். அதனால் அவள் பங்கை ஐஸ் ட்ரேயில் ஊற்றி வைப்பேன். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கதவு ஒரு வீட்டிலிருந்து வந்தது, கம்ப்ரசர் இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. "இது ஃப்ரிட்ஜ் இல்ல, கூட்டுக் குடும்பம்" என்பாள் அவள்.

நான் தண்ணீர் குடிப்பது குளியலறையில்தான். கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குடிப்பேன். என் தொண்டை மடக் மடக்கென்பது அவள் காதில் விழக்கூடாது. வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெளியே வருவேன். திருடன்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கமாட்டான்.

ஒரு நாள் காலையில் ட்ரேயை எடுத்தால், நடுக் கட்டியின் மேல் விரல் நீளத்துக்கு ஐஸ் ஊசி ஒன்று சாய்ந்து நின்றது. மேலிருந்து எதுவும் சொட்டியிருக்க வழியில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, கொம்பு முளைத்திருக்கிறதே என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும், சொன்னேன். தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வரும். மேலே பாலாடை படிந்த மாதிரி மூடும்போது நடுவில் சின்ன ஓட்டை மிஞ்சும். உறைய உறைய ஐஸ் பெருக்கும், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு இடம் போதாது. அது ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த விளிம்பு உறையும், அடுத்த துளி அதன் மேல் ஏறும். அப்படியே குழாய் மாதிரி வளர்ந்து, கடைசியில் அதன் வாயும் அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் இது குதிரைக் கொம்புதான். நன்றாக வடிகட்டிய தண்ணீரில் எப்போதாவது வரும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், இன்னிக்கு ரத்தப் பரிசோதனை நல்லா வரும், பாருங்க" என்றாள்.

வந்து தொலைத்தது. அதற்குப் பிறகு அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் முதலில் ட்ரே வர வேண்டும். கொம்பு இருந்தால் அதை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவாள். இல்லாவிட்டால் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன விசிறி ஒன்றைக் கழற்றி ஃப்ரீசருக்குள் மாட்டினேன். தண்ணீர் மேல் காற்று பட்டால் மேல்பரப்பு சீக்கிரம் மூடும், கொம்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம். குளிரையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அப்புறம் அடிக்கடி கொம்பு வந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்றாள், நானும் கூசாமல் ஆமாம் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஆனால் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். மாடி ஏறவிடாத மூச்சு, பிறகு கட்டிலைவிட்டு எழவும் விடவில்லை. ஒரு காலை ட்ரே முழுக்கக் கொம்பாக நின்றது. அன்றைக்குத்தான் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இனிமே தண்ணிய அளக்க வேண்டாம். அவங்க எவ்வளவு கேட்டாலும் குடுங்க" என்றார்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த கணம் புரிந்தது. சரிசெய்ய முடியாத ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்த்துவிட்டு நானும் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன், ஓடுகிற வரைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று. இதயம் டயாலிசிஸைத் தாங்கவில்லை, இனி அழைத்து வரவேண்டாம் என்று டாக்டர் மீதியையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு அத்தனை கொம்பு வந்துதே. நல்ல சேதிதான்" என்றாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொம்பு தானாக வரவில்லை, நான்தான் விசிறி வைத்தேன் என்று உளறினேன்.

"தெரியும். ராத்திரியெல்லாம் கொர்ருன்னு ஓடுது, எனக்குக் காது கேக்காதா? இவ்வளவு பாடுபடறீங்களேன்னு சும்மா இருந்தேன்."

இரண்டே மடக்கு குடித்தாள். இத்தனை காலம் ஏங்கிய தண்ணீரை அதற்குமேல் குடிக்க முடியவில்லை அவளால். டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"மீதிய நீங்க குடிங்க. இங்கயே, என் முன்னாடி. நீங்க தண்ணி குடிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு."

குடித்தேன். தொண்டை மடக் மடக்கென்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி மடக்கு வரைக்கும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் இருந்த கொஞ்ச நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் தண்ணீர் குடித்தேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். வெறும் வீட்டில் என் தொண்டைச் சத்தத்தை என்னாலேயே கேட்டுத் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.